‘இவ்வினா எழவில்லை’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சட்டமன்றமும் நாடாளுமன்றமும் கூடும் நாட்களில் உங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் வாசிப்பவன் நான். அமளி, வெளிநடப்பு, அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொல், அவைத் தலைவரின் கண்டிப்பு ஆகிய நான்கும் எப்படியும் இடம்பிடித்துவிடுகின்றன. அதே நாளில் முதியோர் உதவித்தொகையைப் பற்றியோ, மாற்றுத்திறனாளிகளுக்கான சான்றிதழைப் பற்றியோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரப்பப்படாத பணியிடங்களைப் பற்றியோ ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் கேட்டதும், அதற்கு அமைச்சர் எழுத்து மூலம் சொன்னதும் மட்டும் எந்தப் பக்கத்திலும் இருப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முன் பல ஆண்டுகள், மக்கள் நலத் திட்டங்களைக் கையாளும் அரசுத் துறை ஒன்றில், சட்டமன்றக் கேள்விகளுக்கு வரைவு பதில் எழுதும் பிரிவில் இருந்தவன் நான். நாங்கள் எழுதிய பதில்களை அவைக்கு வெளியே யாரும் வாசிப்பதில்லை என்பது எங்களுக்கு அப்போதே தெரியும். தெரிந்தே எழுதினோம்.

கேள்வி நேரம் என்றதும் நம் கண்முன் வருவது, எழுந்து நின்று பேசும் உறுப்பினரும் பதில் சொல்லும் அமைச்சரும்தான். அது மொத்தத்தில் ஒரு சிறு பகுதி. மக்களவையில் ஒரு நாளுக்கு 250 கேள்விகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றில் 20 மட்டுமே நட்சத்திரக் குறியிட்டவை, அதாவது அவையில் வாய்மொழியாகப் பதில் பெறத் தகுதி உள்ளவை. மீதி 230-க்கும் எழுத்து மூலம் பதில் தந்து அவையின் மேசையில் வைத்துவிடுவார்கள். குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும், கேள்வி 150 சொற்களைத் தாண்டக்கூடாது, எது பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். இத்தனையையும் கடந்து பட்டியலில் ஏறிய 20 கேள்விகளில், ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தோ ஆறோதான் பெரும்பாலும் வாய்மொழிப் பதிலைத் தொடுகின்றன. 2019 நவம்பரில் ஒரு நாள் 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972-க்குப் பிறகு இதுவே முதல் முறை என்று அதைச் செய்தியாகவே எழுதினார்கள். அந்த ஒரு மணி நேரமும் அமளியில் போய்விட்டால், குறியிட்ட கேள்விகளும் எழுத்துப் பதிலாகவே மேசைக்குப் போய்ச் சேரும்.

வாய்மொழிக் கேள்விக்கும் எழுத்துக் கேள்விக்கும் உள்ள வேறுபாடு பதில் வரும் விதத்தில் மட்டும் இல்லை. வாய்மொழிப் பதில் பிடிக்கவில்லையென்றால் உறுப்பினர் துணைக்கேள்வி கேட்கலாம். எழுத்துப் பதிலுக்கு அது கிடையாது. வெள்ளையர் ஆட்சியில் 1892-ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம் முதன்முதலாக உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தபோது துணைக்கேள்விக்கு இடம் வைக்கவில்லை. 1909-இல் கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக்கேள்வி கேட்கலாம் என்றார்கள். 1919-க்குப் பிறகு அந்த உரிமை எல்லா உறுப்பினர்களுக்கும் ஆனது. நாளொன்றுக்கு 230 கேள்விகள் இன்றைக்கும் 1892-இன் நிலையிலேயே நிற்கின்றன என்று நான் சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். ஆனால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான் என்ற அளவில் அதுதான் உண்மை.

பதில் எப்படி உருவாகிறது என்பதை வாசகர்கள் ஒருமுறையாவது அருகில் பார்க்க வேண்டும். கேள்வி (அ), (ஆ), (இ) என்று பகுதி பகுதியாக வரும். கோப்பின் மேல் ‘சட்டமன்றக் கேள்வி, மிக அவசரம்’ என்ற சீட்டு ஒட்டப்பட்டு, மற்ற எல்லாக் கோப்புகளுக்கும் முன்னால் அது நகரும். மாவட்டங்களுக்குத் தொலைபேசி போகும், மின்னஞ்சல் போகும், வந்த எண்களைக் கூட்டிப் பார்ப்போம். பிறகு வரைவு எழுதுவோம். (அ)-வுக்கு ‘ஆம்’ என்றால் (ஆ)-வுக்கு விவரம் தர வேண்டும். (அ)-வுக்கு ‘இல்லை’ என்று எழுத வழி கண்டுபிடித்துவிட்டால், (ஆ), (இ) இரண்டுக்கும் சேர்த்து ‘இவ்வினா எழவில்லை’ என்று இரண்டே சொற்களில் முடித்துவிடலாம். எனவே வரைவு எழுதுகிறவரின் முழுத் திறமையும் (அ)-வில்தான் இருக்கிறது.

ஒரு முறை, உதவித்தொகைத் திட்டம் ஒன்றில் எத்தனை பேர் பயன்பெறுகிறார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். மாவட்டங்களிலிருந்து வந்த அட்டவணையில் பயனாளிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி இருந்தது: தகுதி உண்டு என்று விசாரணையில் முடிவாகியும் ஆணைக்காகக் காத்திருப்போர். நான் இரண்டு பத்திகளையும் சேர்த்து வரைவு எழுதி மேலே அனுப்பினேன். அது திரும்பி வந்தபோது இரண்டாவது பத்தியின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுக்கப்பட்டு, ஓரத்தில் ‘கேட்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் கெட்டவர் இல்லை. நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். கேட்டதற்கு மட்டும் பதில் என்பது எங்கள் அலுவலகத்தின் வேதம். உறுப்பினர் அந்தப் பத்தியையும் கேட்டிருந்தால் அதையும் கொடுத்திருப்போம், அவ்வளவுதான். அவர் கேட்கவில்லை. காத்திருந்தவர்களைப் பற்றிய அந்த எண் கோப்பிலேயே கிடந்து, பிறகு பதிவறைக்குப் போயிருக்கும்.

இது ஏதோ ஒரு மாநிலத்தின், ஒரு துறையின் பழக்கம் என்று எண்ண வேண்டாம். 2020-இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டி, செப்டம்பரில் நடந்த நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. எழுத்து மூலமான கேள்விகள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. ஊரடங்கின்போது சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்களுடைய குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டதா என்று மக்களவையில் கேட்கப்பட்டது. செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம் கொடுத்த எழுத்துப் பதில், அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது. அதனால் இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்றது. அதே வாரத்தில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர், சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக, மாநிலக் காவல்துறைகள் தந்த விவரத்தின் அடிப்படையில் பதிலளித்தார். ஓர் அமைச்சகத்துக்கு இல்லாத எண் இன்னொரு அமைச்சகத்திடம் இருந்தது. கேள்வி நேரம் நடந்திருந்தால், இந்த இரண்டு பதில்களையும் எதிரெதிரே வைத்து ஒரு துணைக்கேள்வி கேட்க எந்தப் புதுமுக உறுப்பினராலும் முடிந்திருக்கும்.

அடுத்த ஆண்டு நடந்ததும் இதே வகைதான். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையால் இறந்தவர்கள் பற்றி 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, அப்படிப்பட்ட மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று சமூகநீதி அமைச்சகம் பதில் தந்தது. அதே அமைச்சகம், அதே ஆண்டின் தொடக்கத்தில், கழிவுநீர்ச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்கிச் சுத்தம் செய்தபோது ஐந்து ஆண்டுகளில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மக்களவையில் சொல்லியிருந்தது. இரண்டில் எது பொய் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையால் மலம் அள்ளுவதற்கு ஒரு வரையறை உண்டு. சாக்கடையில் ஆபத்தான முறையில் இறங்குவதற்கு வேறொரு வரையறை உண்டு. கேட்ட உறுப்பினர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாரோ அந்தச் சொல்லுக்குப் பின்னால் பதில் ஒளிந்துகொண்டது. கொரோனா இரண்டாம் அலையில் பிராணவாயு இல்லாமல் யாரும் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று அதே கூட்டத்தொடரில் சொல்லப்பட்ட பதிலையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குக் கிளம்பிய கொந்தளிப்பை நீங்களும் முதல் பக்கத்தில் போட்டிருப்பீர்கள். ஆனால் அந்தப் பதிலின் ‘குறிப்பிட்டு’ என்ற ஒரு சொல்தான் முழு வேலையையும் செய்தது என்பதை எத்தனை செய்திகள் எடுத்துக்காட்டின என்று தெரியவில்லை. வரைவு எழுதிய என் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

மேலே சொன்னவை பரபரப்பானவை; எப்படியாவது வெளியே வந்துவிட்டன. பரபரப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று, முதியோருக்கு மாதம் 75 ரூபாய் மத்தியப் பங்குடன் தொடங்கியது. 2006-இல் அது 200 ரூபாய் ஆனது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு 2011-இல் 500 ரூபாய் ஆக்கினார்கள். கைம்பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2012-இல் 300 ரூபாய் ஆக்கினார்கள். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு அந்த 200 ரூபாயிலேயே நிற்கிறது. தமிழ்நாடு 2023-இல் முதியோர் உதவித்தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தியபோதும் அதில் மத்தியப் பங்கின் அளவு மாறவில்லை. ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லித் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்திருக்கிறது. உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு இல்லாமல் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் எப்படிக் கேட்கிறார்கள்? ‘பயனாளிகள் எத்தனை பேர், ஒதுக்கீடு எவ்வளவு’ என்று கேட்கிறார்கள். இந்தத் திட்டத்தில் நாடு முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 3.09 கோடி பேர் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அது 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. 2024-25-இலும் 2025-26-இலும் ஒதுக்கீடு மாறாமல் 9,652 கோடி ரூபாய். ஆகவே எத்தனை பேர் என்று எந்த ஆண்டு கேட்டாலும் வருகிற பதில் அந்த உச்சவரம்பை ஒட்டித்தான் இருக்கும். பார்ப்பவருக்குத் திட்டம் நிறைவாக நடப்பதுபோலத் தோன்றும். ஒரு பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால், பாத்திரத்தின் கொள்ளளவைச் சொல்லிவிடுகிறார்கள். வெளியே வரிசையில் எத்தனைக் குடம் நிற்கிறது என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகக் கேட்டாக வேண்டும். 2001-இல் 40 வயதைத் தொடாதவர்கள் பலர் இன்று 60-ஐக் கடந்துவிட்டார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பார்த்தால், வரிசை எவ்வளவு நீண்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து நாட்டில் நடந்ததைக் குறிப்பிட விரும்புகிறேன். குழந்தைகள் காப்பகச் செலவுக்காக அந்நாட்டு அரசு பெற்றோருக்கு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனது போன்ற சிறு பிழைகளுக்காகக்கூட, பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர்களாகக் கருதி, பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னது அங்குள்ள வரித்துறை. வீட்டை இழந்தவர்கள் உண்டு, மணவாழ்க்கை முறிந்தவர்கள் உண்டு. பீட்டர் ஓம்சிக்ட், ரென்ஸ்கே லைத்தன் என்ற இரண்டு உறுப்பினர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே விஷயத்தை விடாமல் கேட்டார்கள். பெற்றோர் தங்கள் கோப்பைக் கேட்டபோது பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசிக் கொடுத்தார்கள் என்ற செய்தியும் அதற்கிடையில் வந்தது. முடிவில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அறிக்கை கொடுக்க, 2021 ஜனவரி 15 அன்று அமைச்சரவையே பதவி விலகியது. அந்த இருவரில் ஓம்சிக்ட் ஆளும் கூட்டணிக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதை அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும்.

நமக்கும் அப்படி ஒரு மரபு இருந்தது. புதிதாக அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்திரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய் அளவுக்கு முதலீடு செய்யப்பட்டதை 1957-இல் மக்களவையில் கிளப்பி, ஆவணங்களோடு வாதிட்டவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா விசாரணைக்குப் பிறகு 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். காப்பீட்டுத்தாரர்களின் பணம் எங்கே போனது என்ற ஒற்றைக் கேள்வியில் தொடங்கியது அது. இன்றைய ஆளுங்கட்சி உறுப்பினர்கள், எந்த ஆட்சியாக இருந்தாலும், கேள்வி நேரத்தில் எழுந்து அமைச்சருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தம் தொகுதிக்கு ஒரு பாலம் கேட்பதோடு அமர்ந்துவிடுகிறார்கள். பாலமும் தேவைதான், ஆனால் அதற்கு மனு போதும்.

எழுத்துப் பதில் தருகிறவர்கள் தப்பித்துப் போக முடியாத ஒரு கதவும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவோர் குறைவு. மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது. மாநிலச் சட்டமன்றங்களிலும் உண்டு. ‘தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது போன்ற சொற்றொடர்கள் பதிலில் வந்தால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மக்களவை வழக்கப்படி மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழி ஆகும் என்று ஒரு பட்டியலே உண்டு. அந்தப் பட்டியலை உறுப்பினர்களைவிட நாங்கள் நன்றாகப் படித்து வைத்திருந்தோம், அதில் உள்ள சொற்கள் எங்கள் வரைவில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக. ‘பரிசீலிக்கப்படும்’ என்று இளையவர் யாராவது எழுதிவிட்டால் அதை அடித்துவிட்டு, ‘நிதிநிலைக்கு ஏற்ப முடிவு செய்யப்படும் கொள்கை சார்ந்த பொருள்’ என்று மாற்றுவோம். படிக்க கம்பீரமாக இருக்கும். யாரும் பிறகு வந்து என்ன ஆயிற்று என்று கேட்க முடியாது.

அலுவலகத்தின் பக்கமும் சொல்ல ஒன்று உண்டு. பத்து ஆண்டுகளுக்கு வட்டம் வாரியாக விவரம் கேட்கும் கேள்விக்கு ஒரு வாரத்தில் பதில் எழுதச் சொன்னால், களத்தில் இருக்கும் ஊழியர் வேலையைப் போட்டுவிட்டு எண்களைக் கூட்டிக்கொண்டிருப்பார். சில கேள்விகளைப் பார்த்தாலே அவை உறுப்பினருடையவை அல்ல, யாரோ ஒரு நிறுவனத்தின் தேவைக்காக எழுதப்பட்டவை என்று தெரியும். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளையும் சேர்ந்த 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டது நடந்த கதைதான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அவை கூடும் வாரங்களில் வாரத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். நலத்திட்டங்கள் பற்றிய எழுத்துக் கேள்விகளில் மூன்றையோ நான்கையோ எடுத்து, கேள்வியையும் பதிலையும் வெட்டாமல் அப்படியே பக்கத்தில் பக்கமாக அச்சிடுங்கள், விமர்சனம்கூட வேண்டாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் கொடுக்கப்படும் எழுத்துப் பதில்கள் அவற்றின் இணையதளங்களில் அன்றன்றைக்கே கிடைக்கின்றன. ‘எழவில்லை’ என்று முடிந்த பதில்களைத் தனியாகக் காட்டுங்கள். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்ற பதில் வந்தால் தேதியைப் போட்டு வெளியிட்டு, மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் கேளுங்கள்.

உறுப்பினர்கள் யாராவது இந்தக் கடிதத்தைப் பார்த்தால், அடுத்த கூட்டத்தொடருக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும்: (அ) சென்ற நிதியாண்டில் முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, (ஆ) அவற்றில் நிராகரிக்கப்பட்டவை எத்தனை, காரணம் வாரியாக, (இ) தகுதி உண்டு என்று முடிவாகியும் ஆணை வழங்கப்படாமல் நிலுவையில் உள்ளவை எத்தனை, அவற்றில் மிகப் பழையது எந்தத் தேதியிட்டது, (ஈ) நிலுவையில் இருக்கும்போதே இறந்துபோன விண்ணப்பதாரர்கள் எத்தனை பேர், (உ) மேற்கண்ட விவரங்களில் எதுவும் பராமரிக்கப்படவில்லையெனில், பராமரிக்க வேண்டாம் என முடிவு செய்த ஆணையின் எண்ணும் நாளும் என்ன? (அ)-வுக்கு ‘இல்லை’ என்று எழுத இதில் வழி இல்லை. பிரிவில் இருந்த காலத்தில் இப்படி ஒரு கேள்வி ஒருமுறைகூட என் மேசைக்கு வந்ததில்லை.

நீங்கள் அந்தப் பகுதியைத் தொடங்குவதாக இருந்தால், எந்தப் பதிலுக்கு மூன்று மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று நாட்குறிப்பில் எழுதிவைக்கும் வேலையை நானே செய்து தருகிறேன். ஓய்வூதியக்காரனுக்கு நேரத்துக்குக் குறைவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்